பன்னிரண்டு வசனமும் ஒரு மலையும்

மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களை மாற்கு எழுதவில்லை. இதைச் சொல்வது நாத்திகர்கள் அல்ல. பைபிள் ஆராய்ச்சியையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அவர்களில் பலர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிடிகஸ், வாட்டிகானஸ் ஆகிய இரு பழம் ஏடுகளிலும் அந்தச் சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அத்தோடு சரி. உயிர்த்தெழுந்தவர் காட்சி தருவது, உலகமெங்கும் போய்ப் பிரசங்கிக்கச் சொல்வது, பாம்பைப் பிடித்தாலும் நஞ்சைக் குடித்தாலும் சேதமில்லை என்பது, கை வைத்தால் நோயாளி எழுந்துவிடுவான் என்பது எல்லாம் பின்னால் வேறொரு கை சேர்த்தவை.

இப்போது ஒரு கேள்வி. அப்படி ஒரு கட்டளையை நம்பிக் கொல்லிமலை ஏறிய ஒருவர் அங்கே ஒரு குழந்தையைக் காப்பாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். வசனம் இடைச்செருகல் என்று தெரிந்த அன்று, குழந்தை பிழைத்ததும் இடைச்செருகல் ஆகிவிடுமா?

ஆகாது என்பீர்கள். சரி, திருப்பிப் போட்டும் கேட்கிறேன். அந்த வசனங்களை மாற்குவே தன் கைப்பட எழுதியிருந்தால், பாம்பு கடித்தவன் பிழைத்துவிடுவானா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஏட்டில் இல்லை, உடலில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹென்ஸ்லி என்றொரு போதகர் இருந்தார். இந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் நம்பி, 1910 வாக்கில் தொடங்கி, ஜெபக்கூட்டங்களில் விஷப்பாம்பைக் கையில் எடுத்துக் காட்டிவந்தார். அவரைப் பார்த்துப் பல சபைகள் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. 1955இல் ஒரு கூட்டத்தில் பாம்பு கடித்தது. மருத்துவம் வேண்டாம் என்றார், செத்தார். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். அந்தக் குடும்பங்களுக்கு வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தும் அதை ஏற்றத் தெரிந்த ஒரு மருத்துவரும். வசனம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று விஷம் விசாரிப்பதில்லை.

கொல்லிமலைக்கு வருவோம். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் சுற்றிப் பேருந்திலேயே ஏறிவிடலாம். 1913இல் நடந்து ஏற வேண்டும், இல்லையேல் டோலியில் தூக்கிப் போக வேண்டும். மலேரியா மலை என்று கீழ்நாட்டார் அஞ்சிய இடம். அந்த ஆண்டு திருமணம் முடித்த கையோடு ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் மேலே போய் வாழவந்தி நாட்டில் குடியேறினார்கள். கணவர் ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். அடிப்படைப் பயிற்சி மட்டும் உண்டு. பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து கட்டினார், கிணறு வெட்டினார், வீடு கட்டினார், பள்ளி நடத்தினார். 1929இல் மலேரியா முற்றிக் கருநீர்க் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். எவ்லின் 1974 வரை வாழ்ந்தார். 95 வயது.

அவர்களைப் பற்றிச் சபைகளில் சொல்லப்படும் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. மலைக் கோயில் பூசாரி ஒருவர் இவர்களைக் கடுமையாக எதிர்த்தார். பல ஆண்டுகளாக யாரும் மதம் மாறவில்லை. 1918, 1919 வாக்கில் விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அதே காய்ச்சல். பூசாரி படுக்கையில் விழுந்தார். அக்கம்பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்கள் பிராண்ட் தம்பதியர் மட்டுமே. சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார் பூசாரி. அதன் பிறகுதான் மலையில் சபை முளைத்தது.

மனத்தைத் தொடும் கதை. தொடட்டும். ஆனால் பகுத்தறிவு என்று பேசுகிறவர், மனத்தைத் தொட்ட கதையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எவ்லினின் வாழ்க்கையை டோரதி கிளார்க் வில்சன் நூலாக எழுதியது 1976இல். காய்ச்சலுக்கும் நூலுக்கும் இடையே ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு ஆண்டுகள். எழுதியவர் எவ்லினிடம் பெருமதிப்பு வைத்தவர், வாசிக்கப்போகிறவர்கள் விசுவாசிகள், கதை இங்கிலாந்து, அமெரிக்க ஆலயங்களில் பலமுறை சொல்லப்பட்டு மெருகேறியது. பூசாரியின் வாக்குமூலம் எங்கே? இல்லை. அவர் மனைவி என்ன சொன்னாள், ஊர் என்ன சொன்னது? இல்லை. மரணப் படுக்கையில் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டாரா, அல்லது பக்கத்தில் நின்ற ஒரே ஆளிடம் குழந்தையைக் கொடுத்தாரா? காய்ச்சலில் சாகிற தகப்பன் குழந்தையை யாரிடம் கொடுப்பான்? வந்தவரிடம் கொடுப்பான். அதற்கு இறையியல் எதுவும் வேண்டியதில்லை.

இயேசுவைப் பற்றிய நூல்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான் என்பதைக் கவனியுங்கள். அவர் சிலுவையில் மாண்டது கி.பி. 30ஐ ஒட்டி. மாற்கு எழுதப்பட்டது 70ஐ ஒட்டி. மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, யோவான் நூற்றாண்டின் கடைசியில். நாற்பது முதல் எழுபது ஆண்டு இடைவெளி. பூசாரியின் சாவுக்கும் அதைச் சொல்லும் நூலுக்கும் உள்ள அதே தொலைவு. கொல்லிமலைக் கதைக்காவது கடிதங்கள் இருந்தன, நேரில் பார்த்த எவ்லின் 1974 வரை உயிரோடு இருந்தார், பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். நாசரேத்துத் தச்சர் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவர் பேசியது அரமேயம்; சுவிசேஷங்கள் கிரேக்கத்தில் இருக்கின்றன. நான்கு சுவிசேஷங்களுக்குமே உடலுக்குள் ஆசிரியர் பெயர் கிடையாது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற பெயர்கள் இரண்டாம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டவை. எல்லாவற்றுக்கும் முந்திய ஆவணங்கள் பவுலின் கடிதங்கள். அந்தப் பவுல் இயேசுவை உயிரோடு பார்த்ததே இல்லை. அவர் பெயரில் உள்ள பதின்மூன்று கடிதங்களில் ஏழில் மட்டுமே அறிஞர்களுக்குள் சச்சரவு இல்லை.

நம் பகுத்தறிவு மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு தவறையும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். 325இல் நைசியாவில் ஆயர்கள் கூடி, எந்த நூல் பைபிளில் இருக்கலாம் என்று கைதூக்கி வாக்களித்தார்கள் என்று சொல்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது, நடக்கவில்லை. நைசியாவில் நடந்த சண்டை, மகன் தகப்பனுக்குச் சமமா இல்லையா என்று ஆரியுஸ் கிளப்பிய வழக்கைப் பற்றியது. இன்றுள்ள 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலிட்ட முதல் கடிதம் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதியது. பட்டியல் கெட்டிப்பட மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பதே போதுமான உண்மை. அதற்கு மேல் மசாலா எதற்கு? எதிராளியின் பொய்யைப் பிடிக்கப் போகிறவன் மடியில் பொய் இருக்கலாமா?

சரி, ஆரம்பம் கலங்கலானது என்று நிறுவியாகிவிட்டது. இதோடு பெரும்பாலான நாத்திகக் கட்டுரைகள் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். எனக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது.

நரம்புச் சிலந்தி என்றால் இன்றைய இளைஞருக்குத் தெரியாது. தாத்தா பாட்டியைக் கேளுங்கள். படி இறங்கி மொள்ளும் கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணிய பூச்சி இருக்கும். அதன் வயிற்றில் புழுவின் குஞ்சு. தண்ணீரோடு குடித்தவன் உடலுக்குள் அது ஓராண்டு வளரும். பிறகு காலில் ஒரு கொப்புளம், தீ வைத்தாற்போல் எரிச்சல். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பான். கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல்போல் இரண்டு மூன்று அடி நீளப் புழு தலைநீட்டித் தன் குஞ்சுகளை அந்தத் தண்ணீரிலேயே கொட்டும். அதே தண்ணீரை ஊர் குடிக்கும். புழுவை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தது உள்ளே சீழ் பிடித்து ஆளையே முடக்கிவிடும். ஆகவே ஒரு குச்சியில் நுனியைச் சுற்றி, நாளுக்கு ஓரிரு அங்குலமாக, வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் குந்தி உட்கார்ந்து இப்படிப் புழு சுற்றிய காட்சியை அவர் மகன் பால் பிராண்ட் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். புழு சுற்றியதோடு தகப்பனார் நிற்கவில்லை. யாரும் கால் நனைக்க முடியாதபடி, மேலிருந்து கயிற்றால் இறைக்கும் கல்கட்டுக் கிணறுகளைக் கட்டச் செய்தார்.

இனி பைபிளைத் திறங்கள். எண்ணாகமம் 21ஆம் அதிகாரம். பாலைவனத்தில் இஸ்ரவேலர் முணுமுணுக்கிறார்கள்: சோறு இல்லை, தண்ணீர் இல்லை. கோபம் கொண்ட கடவுள் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களை ஏவுகிறார், பலர் சாகிறார்கள். பிறகு மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் ஏற்றுகிறார். அதை நோக்கிப் பார்த்தவன் பிழைக்கிறான். இந்தத் தீச்சர்ப்பம் நரம்புச் சிலந்திதான், கம்பத்துப் பாம்பு குச்சியில் சுற்றிய புழுவின் நினைவுதான் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், நிரூபணம் அல்ல. ஆனால் அது சரியாக இருந்தால் என்ன ஆகிறது பாருங்கள். தண்ணீரைப் பற்றிப் புகார் சொன்னவர்கள்தானே சரி? நோய் தண்ணீரிலிருந்துதானே வந்தது? புகார் செய்தவனைப் பாவியாக்கி, நோயைத் தண்டனையாக்கிய கதை, உண்மையான குற்றவாளியான குட்டையைத் தப்பவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. அந்த வெண்கலப் பாம்புக்குப் பின்னாளில் மக்கள் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் என்று இரண்டாம் ராஜாக்கள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. உடைத்த பாம்பை மறுபடி எடுத்து நிறுத்துகிறது யோவான் சுவிசேஷம்: மோசே சர்ப்பத்தை உயர்த்தியதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் என்று அது சிலுவையைப் பேசுகிறது. ஒரு போதனை எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நோய், பிறகு கதை, பிறகு விக்கிரகம், பிறகு உடைப்பு, பிறகு உவமை, பிறகு மீட்பின் கோட்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனிதன் இருக்கிறான். தன் காலத்துக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டவன்.

மலையில் குந்தி உட்கார்ந்த ஜெஸ்ஸியும் அவர்களில் ஒருவரே. அவருடைய வேதத்தில் நோயைத் தண்டனையாக்கும் பக்கமும் இருந்தது, நோயாளியைத் தொடும் பக்கமும் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று வானத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. அவர் தேர்ந்தெடுத்தார். தேர்வின் பெருமை அவருக்குத்தான் சேரும். அதேபோல, மற்றப் பக்கத்தைத் திறந்து பெண்ணை வாயடைத்தவனும் அடிமையைக் கட்டிவைத்தவனும் செய்த குற்றமும் அவனவனுக்கே சேரும். புத்தகத்தில் இருந்தது, செய்தேன் என்பது ஒரு சாட்டா? புத்தகத்தில் எதுதான் இல்லை?

இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி ராஜஸ்தானில் 1996இல் பதிவானார். 2000இல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குத் தடுப்பூசி கிடையாது, கொல்லும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள், படிக்கிணறுகளை மூடினார்கள், குழாய்க் கிணறு போட்டார்கள், வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதக் கால்களைத் தின்ற சாபம் ஒரு வேட்டித்துணியில் முடிந்தது. எந்தத் தெய்வத்துக்கும் இதில் பங்கு கேட்க உரிமை இல்லை. அந்தத் துணியைக் கட்டிய ஊர்ப் பெண்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் யாரும் வெட்டவில்லை.

மகன் பால் பிராண்ட் கதை இன்னும் கூர்மையானது. மலையில் வளர்ந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று கேட்டார். சதை தானாக அழுகி உதிர்கிறது என்று ஊர் நம்பியது, மருத்துவர்களும் நம்பினார்கள். பால் பிராண்ட் கூடவே இருந்து கவனித்தார். வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. ஆணி குத்தியும் தெரியவில்லை. இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்றும் தெரியவில்லை. வலி போனதே நாசத்துக்குக் காரணம். தசைநாண்களை மாற்றித் தைத்து மடங்கிப்போன கைகளை விரித்தார். நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள், எலிக்கு.

பக்திமான்தான் அவர்; மறைக்கவில்லை. ஆனால் எலியைக் கண்டுபிடித்தது பக்தியா, கண்விழித்துப் பார்த்ததா?

அதே நோயைப் பற்றி மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. தொழுநோயாளி ஒருவன் வந்து மண்டியிடுகிறான். இயேசு மனதுருகித் தொட்டார் என்று பெரும்பாலான ஏடுகள் சொல்கின்றன. பேசா ஏடு என்ற பழைய படியோ அவர் கோபம் கொண்டார் என்கிறது. எது முதல் பாடம்? நிபுணர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். உருக்கத்தைக் கோபமாக மாற்றி எழுத எந்தப் படியெடுப்பவனுக்கும் மனம் வந்திருக்காது, கோபத்தை உருக்கமாகத் திருத்தத்தான் வந்திருக்கும், ஆகவே கோபமே மூலம் என்பது ஒரு கட்சியின் வாதம். எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது. இருக்கட்டும். மூலத்தில் கோபம் என்று நாளை உறுதியானால், வேலூரில் யாராவது கையை விலக்கிக்கொள்ள வேண்டுமா? கோபத்தை அழித்து உருக்கம் என்று எழுதிய அந்தப் பெயர் தெரியாத எழுத்தன் வேதத்தைத் திருத்தினான் என்றால், நல்லதாகவே திருத்தினான். மனிதன்தான் வேதத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், போதும். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் இந்த நாட்டில் போட்ட சட்டம் 2016 வரை ஏட்டில் இருந்தது. அதைத் திருத்தியவர்களும் மனிதர்களே, மிகவும் தாமதமாக.

இதுவரை படித்துவிட்டு ஒரு சாரார் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள், கிறிஸ்தவத்தின் அடித்தளமே ஆட்டம் என்று இதை எடுத்துப் பரப்ப விரல் துடிக்கும். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அதே மலையில் வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. உழுதபோது கொழு பட்டு லிங்கத்தில் ரத்தம் வந்தது என்று தலபுராணம். இதே ரத்தம் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்க் கோயில்களில் வந்திருக்கிறது? மண்வெட்டி, கடப்பாரை, மாட்டின் குளம்பு என்று கருவி மட்டும் மாறும். கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள்; அது சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது கதை. பாவையைச் செய்தது தெய்வமா பூதமா என்பதில் கதைக்குக் கதை பேதம். மலையாளிப் பழங்குடி மக்கள் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் வழி என்கிறார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது கேட்கும் மலையைப் பொறுத்து மாறும். மாற்குவுக்கு வைத்த அளவுகோலை இங்கேயும் வைக்கத் தயாரா? இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது உண்மை அல்ல, கல். எறிவதற்கு.

அந்தக் கல் யார்மேல் விழுகிறது என்றும் பாருங்கள். கிறிஸ்தவரான பழங்குடியினரைப் பழங்குடிப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்று நாட்டின் பல பகுதிகளில் இயக்கம் நடத்துகிறார்கள். நான்காம் நூற்றாண்டு ஏட்டில் எட்டாம் வசனத்தோடு நின்றுபோன ஒரு நூலுக்காக, இருபத்தோராம் நூற்றாண்டு மலைப்பெண்ணின் கல்லூரி இடத்தைப் பிடுங்குவதா? 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, இரண்டே ஆண்டில் கொண்டுவந்தவர்களே கைவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த பூசாரி வீட்டுக்கு யாரும் வராதபடி தடுக்கும் சட்டம் ஒன்றுதான் இன்னும் யாரும் போடவில்லை. ஏனென்றால் அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை.

மிஷனரிகளையும் சும்மா விடுவதற்கில்லை. மருந்துக் கிண்ணத்தோடு வேதத்தையும் நீட்டுவது நேர்மையா? வலியில் துடிப்பவன் சுதந்திரமாகக் கேட்கும் நிலையில் இருக்கிறானா? மறுக்கும் தெம்பு உள்ளவனிடம் வாதம் செய், படுத்திருப்பவனிடம் வாயை மூடு. இதுதான் மரியாதை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இதைச் சொல்லிவிட்டு, மலைமேல் அப்போது எத்தனை பகுத்தறிவாளர் மருந்துக் கிண்ணத்தோடு நின்றார்கள் என்ற கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் எனக்கு உரிமையில்லை. எழுபதை நெருங்கிய எவ்லினை, வயதாகிவிட்டது, மலைக்கு வேண்டாம் என்று மிஷன் சங்கமே தடுத்தது. அவர் கேட்கவில்லை. ஓய்வு பெற்று, தனியாக ஏறினார். குதிரைமேல் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று சுற்றிப் போதித்தார். பெண் போதிக்கக் கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம் சொல்கிறதே? சொல்கிறது, அது பவுல் எழுதியதல்ல என்பதே பெரும்பான்மை ஆய்வாளர்களின் முடிவு. எவ்லின் அந்த ஆய்வுகளைப் பார்த்துவிட்டுக் குதிரை ஏறினார் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக, ஆதித் திருச்சபைச் சண்டைகளிலேயே நமக்கு மிக அருகில் இருக்கும் ஒன்று. பவுலின் கடிதம்தான் என்று யாரும் சந்தேகிக்காத கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்தார்கள். வந்ததும் பேதுரு மெல்ல எழுந்து தள்ளிப்போய்விட்டார். பார்த்தவர்களும் எழுந்தார்கள். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கிறிஸ்தவ ஆவணங்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற சண்டையைப் பதிவு செய்கிறது. தமிழனுக்கு இது புரிய விரிவுரை தேவையா?

புரிந்துகொண்டு என்ன செய்தோம்? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டினார், பூணூல் போட்டார், தாழ்த்தப்பட்டவர்களைப் பக்கத்தில் சேர்க்காமல் மேல்சாதிக்குத் தனியாக ஊழியம் செய்தார். தஞ்சாவூரில் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து குடிப்பதா என்று தகராறு. வேதநாயகம் சாஸ்திரியார் சாதி ஆசாரத்தைக் காக்க நூலே எழுதினார். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டதும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் 1872இல் ஆலயத்தையே இரண்டு கால் கொண்ட காற்சட்டை மாதிரி கட்டினார்கள், ஒரு காலில் இவர்கள், மறு காலில் அவர்கள். பிரித்து வைத்த சுவரை 1910இல் இடித்தபோது மேல்சாதியார் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கச் சுவர் இருந்தது. செத்த பிறகும் பந்தி பிரிவினை!

மாற்கின் கடைசி வசனங்களை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. ஒருபோதும் தெரியாமலேயே போகலாம். ஆனால் அந்தச் சுவர்களைக் கட்டியது யார், கட்டப் பணம் கொடுத்தது யார், பார்த்துக்கொண்டு ஜெபம் பண்ணியது யார் என்பதில் எந்த ஆராய்ச்சிச் சிக்கலும் இல்லை. கலாத்தியர் கடிதம் சினாயிடிகஸ், வாட்டிகானஸ் இரண்டிலும் இருக்கிறது, எல்லாத் தமிழ்ப் பைபிளிலும் இருக்கிறது. தனிக் கல்லறை, தனித் தேர், தனித் தெருவுக்குத் தனி நேரம் என்று இன்னும் நடக்கும் ஊர்களில், பங்குப் பேரவையோ சபைக் கமிட்டியோ கூடும் நாளில் எழுந்து நின்று ஒரு வார்த்தை கேட்க, எந்தப் பழைய ஏடு தோண்டி எடுக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறீர்கள்?